அமெரிக்கப் புரட்சிப் போரில் பெண்கள்: கடலூர் வகுப்பறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். அமெரிக்கப் புரட்சிப் பாடம் வரும் வாரத்தில் தேயிலைப் பெட்டி, வாஷிங்டன், சுதந்திரப் பிரகடனம் என்று வேகமாக ஓடிவிடும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கை தூக்கி, “பொம்பளைங்க யாருமே இல்லையா டீச்சர்?” என்று கேட்ட நாளில் என்னிடம் இரண்டு பெயர்தான் இருந்தது. அதற்கப்புறம் தேடிப் படித்தேன். பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும், சக ஆசிரியர்களும் கேட்ட கேள்விகளை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன். வரிசை அவர்கள் கேட்ட வரிசைதான்.

அமெரிக்காவில் நடந்த போருக்கும் கடலூருக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே. அமெரிக்காவில் போர் தொடங்கியது 1775 ஏப்ரலில். 1778-ல் பிரான்ஸ் அமெரிக்கர்கள் பக்கம் சேர்ந்தது. அப்புறம் பிரிட்டனும் பிரான்சும் எங்கெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கடை விரித்திருந்தார்களோ அங்கெல்லாம் சண்டை. அதே ஆண்டு ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1780-ல் ஹைதர் அலி ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். 1782 ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது.

அதை மீட்க 1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலப் படை வந்தது. உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, கூடவே மைசூர்ப் படையினர். ஜூன் 13-ல் நடந்த தாக்குதலில் மட்டும் ஆங்கிலேயர் பக்கம் ஆயிரம் பேர் அளவில் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். 20-ஆம் தேதி நம் கடலுக்கு அப்பால் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரனின் கப்பல்களும் ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் மோதின. மாதக் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு கப்பல் வந்து செய்தி சொன்னது: பிரிட்டனும் பிரான்சும் ஜனவரி 20-லேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. அமெரிக்காவுக்காகத் தொடங்கிய போரின் கடைசிப் பெரிய சண்டை இங்கேதான் நடந்தது. ஜூனில் இங்கே செத்த ஒவ்வொருவரும் சமாதானம் ஆன பிறகு செத்தவர்.

இன்னொன்று. பாஸ்டன் துறைமுகத்தில் 1773 டிசம்பரில் கடலில் கொட்டிய தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. தேவனாம்பட்டினத்தில் கோட்டை வைத்திருந்த அதே கம்பெனி.

அந்த முற்றுகையில் நம் ஊர்ப் பெண்கள் என்ன செய்தார்கள்?

இந்தியாவில் அந்தக் காலத்துப் படை எதுவும் சிப்பாய்களோடு மட்டும் நகராது. ஒரு சந்தையே கூட நகரும். சிப்பாய்களின் குடும்பங்கள், மாவரைப்பவர்கள், புல் அறுத்துச் சுமப்பவர்கள், துணி வெளுப்பவர்கள் என்று சண்டை போடுபவர்களைப் போலப் பல மடங்கு பேர். ஹைதர் படையெடுப்புக்கு அப்புறம் பயிர் அழிந்து, சனங்கள் சென்னை நோக்கி ஓடி, 1782-ல் அங்கே பஞ்சம். முற்றுகை என்றால் பீரங்கி நினைவுக்கு வருகிறது. எனக்கு வருவது அந்த ஜூன் வெயிலில் யார் தண்ணீர் சுமந்தார்கள் என்பது.

சரி, அமெரிக்காவுக்கு வாருங்கள். போர் தொடங்கும் முன்பே பெண்கள் உள்ளே வந்துவிட்டார்களா?

ஆமாம், கடை வழியாக வந்தார்கள். 1760-களில் பிரிட்டன் வரி மேல் வரி போட்டபோது காலனிக்காரர்கள் எடுத்த ஆயுதம் புறக்கணிப்பு. தேயிலை வாங்காதே, சீமைத் துணி வாங்காதே. ஆண்கள் மேடையில் தீர்மானம் போட்டுவிடலாம். ஆனால் டீத்தூள் டப்பாவைத் திறப்பது யார், குடும்பத்துக்குத் துணி எடுப்பது யார்? வீட்டுக்காரி ஒத்துழைக்காவிட்டால் தீர்மானம் வெறும் காகிதம்.

பெண்கள் பாதிரியார் வீட்டில் ஒன்றாகக் கூடி நாள் முழுக்க ராட்டை சுற்றினார்கள். காதி இயக்கத்துக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னால்! லண்டன் வழியாக அங்கே போய்க்கொண்டிருந்த துணிகளில் நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும் உண்டு என்பதைச் சொன்னால் பிள்ளைகள் கொஞ்சம் சங்கடப்படுவார்கள். அவர்கள் வாங்கமாட்டோம் என்றால் இங்கே ஒரு நெசவாளி வீட்டிலும் அடுப்பு மங்கும்.

1774 அக்டோபர் 25-ல் வட கரோலினாவின் ஈடென்டன் ஊரில் 51 பெண்கள் இந்தப் புறக்கணிப்பை ஆதரிக்கும் ஒரு பத்திரத்தில் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டு, அதைப் பகிரங்கமாக வெளியிட்டார்கள். இதை லண்டனில் கேலிச் சித்திரமாக வரைந்து சிரித்தார்கள். படத்தில் ஒரு குழந்தையை மேசைக்கு அடியில் கவனிப்பாரின்றி உட்கார வைத்திருக்கிறார்கள். அரசியல் பேசப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்ற அந்தக் கேலிக்கு 250 வயது ஆகிறது.

கணவன் படைக்குப் போனால் வீடு எப்படி நடந்தது?

இதற்கு எல்லோரும் சொல்லும் பெயர் அபிகேல் ஆடம்ஸ். கணவர் ஜான் ஆடம்ஸ் பின்னால் ஜனாதிபதியானவர்; ஆண்டுக்கணக்கில் வெளியூர், வெளிநாடு. அபிகேல் பண்ணையைப் பார்த்தார், குத்தகைக்காரர்களைச் சமாளித்தார், அரசாங்கப் பத்திரங்களில் பணம் போட்டார். 1776-ல் பிள்ளைகளைக் கூட்டிப்போய், தானும் சேர்ந்து அம்மைப்பால் குத்திக்கொண்டார். அன்றைக்கு அது உயிரைப் பணயம் வைக்கும் வேலை.

அந்த ஆண்டு மார்ச் 31-ல் கணவருக்கு எழுதிய கடிதத்தில், புதுச் சட்டம் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள், கணவன்மார் கையில் எல்லையில்லாத அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள் என்று கேட்டார். சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்று பதில் வந்தது. தேர்வில் இந்தக் கடிதத்தைக் கேட்பார்கள், படித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது அவர் 1777 ஜூலையில் எழுதிய இன்னொரு கடிதம். பாஸ்டனில் ஒரு பணக்கார வியாபாரி காப்பிக் கொட்டையைப் பதுக்கி வைத்துக்கொண்டு, நியாய விலைக்குத் தர மறுத்தார். நூறு பெண்கள் அளவில் தள்ளுவண்டியோடு போனார்கள். சாவியைக் கேட்டார்கள். தரவில்லை. ஒருத்தி அவர் கழுத்தைப் பிடித்து வண்டிக்குள் தள்ளினாள். சாவி வந்தது. கிடங்கைத் திறந்து காப்பியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆண்கள் கூட்டமாக நின்று வாயடைத்துப் பார்த்தார்களாம். இதை நடத்தும் நாளில் வகுப்பில் தூங்குபவர் யாருமில்லை.

படையோடு கூடவே போன பெண்கள் உண்டாமே? அவர்கள் ‘அந்த மாதிரி’ பெண்கள்தானே?

இந்தக் கேள்வியை ஆசிரியர்கள் அறையில்தான் அதிகம் கேட்கிறார்கள். பதில்: பெரும்பாலும் இல்லை. சிப்பாய்களின் மனைவிகள், விதவைகள், வீடு எரிந்து போக்கிடம் இல்லாதவர்கள். துணி துவைத்தார்கள், தைத்தார்கள், சமைத்தார்கள், நோயாளிகளைப் பார்த்தார்கள். அந்தப் போரில் குண்டைவிட நோய்தான் அதிகம் பேரைக் கொன்றது. பேன் பிடித்த, சீதபேதி பட்ட துணியை வெந்நீரில் போட்டுத் துவைப்பது எத்தனை உயிரைக் காத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1775-ல் காங்கிரஸ் (அமெரிக்கக் காலனிகளின் பிரதிநிதிகள் சபை) ராணுவ மருத்துவமனைக்குத் திட்டம் போட்டபோது பத்து நோயாளிக்கு ஒரு செவிலி என்று வைத்தது. சம்பளம் மாதம் 2 டாலர். அந்தக் கூலிக்கு ஆள் வரவில்லை. பின்னால் 8 டாலராக உயர்த்தினார்கள்.

அமெரிக்கப் படையின் தலைமைத் தளபதி வாஷிங்டனுக்கு இந்தப் பெண்கள் கூட்டம் பிடிக்கவே பிடிக்காது. படை நகர்வுக்கு இடைஞ்சல் என்று 1777-ல் எழுதினார். பிலடெல்பியா நகருக்குள் படை அணிவகுத்தபோது அவர்களை ஊர் கண்ணில் படாமல் வேறு வழியில் அனுப்பச் சொன்னார். ஆனால் 1783 தொடக்கத்தில் அதே வாஷிங்டன், கூடுதல் பெண்களுக்கும் ரேஷன் கொடுத்தே ஆகவேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் பழகின நல்ல சிப்பாய்கள் சிலர் ஓடிவிடுவார்கள் என்று நிதிப் பொறுப்பாளருக்கு விளக்கம் எழுதினார். கணக்கு அவருக்கும் புரிந்துவிட்டது.

இப்படிப் போன ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொல்ல முடியுமா?

சாரா ஆஸ்பர்ன். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் விடியற்காலையே போய் மரத்தடியில் அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுவார். நான் சில நாள் கூடப் போவேன். விதவை உதவித்தொகைக்கு ஒரு ஆயா வருவார். “நான் மேற்படி விலாசத்தில் வசித்து வருகிறேன்” என்று அப்பா ஆரம்பித்திருப்பார். ஆயா அதற்குள் கணவர் கட்டுமரம் ஏறிய கதை, புயல் வந்த ராத்திரி, தான் மீன்கூடை தூக்கி நடந்த ஊர்கள் என்று போய்விடுவார். “அதையும் எழுதுய்யா” என்பார். அப்பா தலையாட்டுவார். எழுத மாட்டார். ஆபீசுக்கு வேண்டியது இறந்த தேதி, ரேஷன் கார்டு நம்பர், வாரிசுச் சான்று. தானே புயல் முடிந்த 2012 ஜனவரியில் அப்பா எழுதிய மனுக்களுக்கு அளவே இல்லை. ஒன்றில்கூட அந்த ராத்திரி இல்லை.

அமெரிக்காவில் தலைகீழாக நடந்தது. சாதாரணச் சிப்பாய்களின் விதவைகளுக்கும் பென்ஷன் என்று 1836-ல் சட்டம் வந்தபோது, போர் முடிந்து ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பலரிடம் காகிதம் இல்லை. அதனால் நடந்ததை வாக்குமூலமாகச் சொல்லு என்றார்கள். 1837-ல் எண்பது வயதைத் தாண்டிய சாரா பென்சில்வேனியாவில் உட்கார்ந்து சொன்னார். எழுத்தர் அதையும் எழுதினார்!

கணவர் தன்னைக் கேட்காமலே படையில் சேர்ந்துவிட்டார். பிறகு நீயும் வா என்றார். சாரா போனார். ஒரு நாள் கனத்த பீரங்கிகளை ஏற்றும் வேலைக்குக் கணவர் போகவேண்டி வந்தது. அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைப் பிடித்தபடி சாரா காவலுக்கு நின்றார். அந்த வழியாக வந்த வாஷிங்டன் வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, “உன்னை யார் இங்கே நிறுத்தியது?” என்று கேட்டார். “நிறுத்த உரிமை இருப்பவர்கள்தான், ஐயா” என்றார் சாரா.

1781-ல் யார்க்டவுன் முற்றுகை. அமெரிக்கர்கள் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். சாரா பின்னால் நின்று சமைத்து, மாட்டிறைச்சி, ரொட்டி, பெரிய பாத்திரத்தில் காப்பி எல்லாம் குழிக்குள் தூக்கிப் போகிறார். மறுபடி வாஷிங்டன். பீரங்கிக் குண்டுக்குப் பயமில்லையா என்கிறார். இவர் சொன்ன பதிலின் சாரம்: சண்டையும் போட்டுப் பட்டினியும் கிடக்க முடியுமா அவர்களால்?

பிரிட்டிஷ் படை சரணடைந்து வெளியே வந்ததையும் பார்த்தார். முரசுகளில் கறுப்புத் துணி கட்டியிருந்தது அவருக்கு ஐம்பத்தாறு ஆண்டு கழித்தும் நினைவிருக்கிறது. அந்தக் கணவர் பின்னால் சாராவை விட்டுவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். இதுவும் வாக்குமூலத்தில் இருக்கிறது. பென்ஷன் கிடைத்தது.

சாராவை நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஒரு பென்ஷன் மனு. இந்தப் பக்கத்தில் வரும் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான் தெரிய வந்தார்கள். எங்கேயோ யாரோ பணம் கொடுக்கவோ மறுக்கவோ வேண்டியிருந்ததால்.

மோலி பிட்சர் என்று ஒருவர் உண்மையில் இருந்தாரா?

அது பெயர் இல்லை, பட்டப்பெயர். ‘பிட்சர்’ என்றால் தண்ணீர்க் குடம். 1778 ஜூன் 28-ல் மன்மத் என்ற இடத்தில் கொளுத்தும் வெயிலில் சண்டை. பீரங்கிக்குத் தண்ணீர் வேண்டும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் ஈரத் துடைப்பானை உள்ளே விட்டு நெருப்புப்பொறியை அணைக்காவிட்டால் அடுத்த மருந்து உள்ளேயே வெடிக்கும். மேரி ஹேய்ஸ் அங்கே தண்ணீர் சுமந்தார், கணவரின் பீரங்கியிலும் கை கொடுத்தார் என்று சொல்வார்கள். 1822-ல் பென்சில்வேனியா மாநிலம் அவருக்கு ஆண்டுக்கு 40 டாலர் ஒதுக்கியது.

அன்று அங்கே இருந்த ஒரு சிப்பாய் தன் நினைவுக்குறிப்பில் பெயர் சொல்லாமல் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். பீரங்கிக்கு மருந்துப்பொதி எடுக்க எட்டிக் காலை வைத்தபோது எதிரிக் குண்டு கால்களுக்கு நடுவே பாய்ந்து பாவாடையின் கீழ்ப்பகுதியைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் குனிந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் மேலே போகாதது நல்லதாப் போச்சு என்கிற மாதிரி சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாளாம். இதை வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்று ஒவ்வொரு ஆண்டும் யோசிக்கிறேன், சொல்லிவிடுகிறேன்.

காகிதத்தில் இன்னும் உறுதியாக நிற்பவர் மார்கரெட் கார்பின். 1776 நவம்பர் 16-ல் ஃபோர்ட் வாஷிங்டனில் கணவர் பீரங்கி அருகே செத்து விழ, இவர் அந்த இடத்தில் நின்று சுட்டார். குண்டடி பட்டு ஒரு கை பயன்படாமல் போனது. 1779-ல் காங்கிரஸ் அவருக்குச் சிப்பாய்ச் சம்பளத்தில் பாதியும் ஒரு செட் உடுப்பும் கொடுத்தது. 1926-ல் அவர் எலும்பைத் தோண்டி எடுத்து வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மரியாதையோடு புதைத்தார்கள். 2017-ல் சோதித்துப் பார்த்தால் அது ஒரு ஆணின் எலும்பு.

ஆண் வேடம் போட்டுச் சண்டைக்குப் போனவர்கள் உண்டா?

டெபோரா சாம்ப்சன். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏழைப் பெண். 1782-ல் ராபர்ட் ஷர்ட்லிஃப் என்ற பெயரில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு அளவில் படையில் இருந்தார். தொடையில் குண்டு பாய்ந்தபோது மருத்துவரிடம் காட்டினால் குட்டு உடைந்துவிடும் என்று தானே அதை நோண்டி எடுத்தார் என்பது கதை. கடைசியில் பிலடெல்பியாவில் காய்ச்சலில் படுத்தபோது ஒரு மருத்துவர் கண்டுபிடித்தார். தண்டனை இல்லை; 1783 அக்டோபரில் கௌரவமாக அனுப்பி வைத்தார்கள். அப்புறம் மேடை ஏறிக் காசுக்குப் பேசினார், மனு மேல் மனு போட்டார். 1805-ல் மத்திய அரசின் பென்ஷன் கிடைத்தது. அவர் இறந்த பிறகு, கணவருக்கு ‘விதவை’ போலவே உதவித்தொகை கொடுக்கக் காங்கிரஸ் 1838-ல் சட்டம் போட்டது. கணவரும் அதற்குள் இறந்துவிட்டார்.

இப்போது நம் ஊர்க் கதை. டெபோராவுக்கு முப்பது ஆண்டு முன்பு, வேறொரு போரில், ஹன்னா ஸ்னெல் என்ற ஆங்கிலப் பெண் ஜேம்ஸ் கிரே என்ற ஆண் பெயரில் கடற்படையோடு இந்தப் பக்கம் வந்தார். 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றார்களே, அந்த முற்றுகையில் காயம்பட்டார். சிகிச்சைக்கு அனுப்பிய இடம் கடலூர் மருத்துவமனை! 1750-ல் லண்டனில் வெளிவந்த அவருடைய வாழ்க்கைக் கதை சொல்வது இது: காலில் பட்ட காயங்களை மருத்துவர்களிடம் காட்டினார். தொடையிடுக்கில் பட்டதை மட்டும் மறைத்தார். பணிவிடை செய்த உள்ளூர்ப் பெண் ஒருத்தியிடம் உண்மையைச் சொன்னார். அவள் பஞ்சும் களிம்பும் கொண்டுவந்து கொடுக்க, ஹன்னா விரலை விட்டுக் குண்டை எடுத்தார். அந்தப் பெண் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

அவளைக் ‘கறுப்புப் பெண்’ என்று மட்டும் அந்தப் புத்தகம் குறிக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலேயர் நம்மவர்களை அப்படித்தான் எழுதுவார்கள். கதையில் மசாலா தூக்கலாக இருக்கிறது என்பது உண்மை. ஹன்னாவின் தொடைக்குண்டும் டெபோராவின் தொடைக்குண்டும் இவ்வளவு ஒத்துப்போவதும் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. ஆனால் ஹன்னாவுக்கு 1750-ல் செல்சீ ராணுவ இல்லம் பென்ஷன் கொடுத்தது பதிவில் இருக்கிறது. கடலூர்க்காரிக்கு என்ன கிடைத்தது என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். புத்தகத்தில் ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை என்றேன்.

பெண்கள் பணம் திரட்டினார்கள் என்று படித்தேன். எவ்வளவு?

1780-ல் பிலடெல்பியாவில் எஸ்தர் ரீட் தலைமையில் பெண்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி 3 லட்சம் டாலருக்கு மேல் சேர்த்தார்கள். மலைக்காதீர்கள், அது காகித டாலர், அப்போது அதன் மதிப்பு தரையில் கிடந்தது. ஒவ்வொரு சிப்பாய்க்கும் கையில் 2 வெள்ளி டாலர் கொடுக்கலாம் என்பது எஸ்தரின் ஆசை. குடித்துவிடுவான், சட்டை தைத்துக் கொடுங்கள் என்றார் வாஷிங்டன். சில கடிதங்கள் போய் வந்த பிறகு வாஷிங்டன் சொன்னதே முடிவானது. அந்த செப்டம்பரில் எஸ்தர் இறந்துபோக, பெஞ்சமின் பிராங்க்ளினின் மகள் சாரா பேச் வேலையை எடுத்துக்கொண்டார். 2,000-க்கும் மேல் சட்டைகள். ஒவ்வொன்றிலும் தைத்த பெண்ணின் பெயர். சிப்பாய் கையில் காசு வேண்டும் என்று நினைத்த எஸ்தர் பக்கம்தான் நான்.

எல்லாப் பெண்களும் புரட்சியின் பக்கமா?

இல்லை. பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசமாக இருந்த குடும்பங்கள் ஏராளம். கணவன் ஓடிப்போனால் சொத்தைக் காக்கலாம் என்று மனைவி வீட்டிலேயே தங்கிப் பார்ப்பார். பிலடெல்பியாவில் கிரேஸ் காலவே என்ற சீமாட்டி அப்படித்தான் உட்கார்ந்தார். 1778-ல் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அவருக்கு அப்பா வழியில் வந்த சொத்தும் இருந்தது. ஆனால் அன்றைய சட்டப்படி கல்யாணமான பெண்ணின் சொத்து கணவன் கைக்குள் அடங்கிவிடும்.

இதில் ஒரு விநோத வழக்கு உண்டு. அன்னா மார்ட்டின் என்பவர் பிரிட்டிஷ் அதிகாரியான கணவரோடு போய்விட்டார் என்று மாசசூசெட்ஸ் அரசு அவர் நிலத்தைப் பறிமுதல் செய்தது. 1805-ல் மகன் வழக்கை ஜெயித்தார். எப்படி? மனைவிக்குத் தனியாக முடிவெடுக்கும் உரிமை கிடையாது, கணவன் போனால் போகத்தான் வேண்டும், அதனால் அவர் துரோகம் செய்ததாகச் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. நிலம் திரும்பி வந்தது. புரட்சி முடிந்து இருபது ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு இது.

அடிமைப் பெண்களுக்கு இந்தச் சுதந்திரத்தில் பங்கு இருந்ததா?

தாங்களே எடுத்துக்கொண்ட பங்கு இருந்தது. எங்களிடம் ஓடிவந்தால் விடுதலை என்று பிரிட்டிஷ் தளபதிகள் அறிவித்தார்கள். கருணையால் அல்ல, எதிரியின் பண்ணையைக் காலி செய்யத்தான். ஆயிரக்கணக்கில் ஓடினார்கள், கைக்குழந்தையோடும் ஓடினார்கள். 1783-ல் பிரிட்டிஷார் நியூயார்க்கைக் காலி செய்தபோது கப்பலேறிய 3,000 பேர் அளவிலான ஒரு பெயர்ப் பதிவேடு இருக்கிறது. அதில் ஒரு வரி: டெபோரா, வயது 20, முன்பு ஜெனரல் வாஷிங்டனின் அடிமை. அவர் வீட்டிலிருந்தே ஒரு பெண் சுதந்திரத்தைத் தேடி எதிரிக் கப்பலுக்குப் போயிருக்கிறார்.

மாசசூசெட்ஸில் எலிசபெத் ஃப்ரீமேன் வேறு வழி பிடித்தார். எல்லோரும் சமமாகப் பிறந்தவர்கள் என்று மாநில அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறதே, அதில் நான் வரமாட்டேனா என்று ஒரு வக்கீலைப் பிடித்து வழக்குப் போட்டார். 1781 ஆகஸ்டில் ஜெயித்தார். 30 ஷில்லிங் நஷ்ட ஈடும் சேர்த்து.

பூர்வகுடிப் பெண்கள்?

ஹோடெனோசோனி இனக் கூட்டமைப்பில் குலத் தாய்மார்கள்தான் தலைவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். வயலும் அவர்களுடையது. அந்தக் கூட்டமைப்பில் ஓர் இனமான மோஹாக்கைச் சேர்ந்த மோலி பிராண்ட் பிரிட்டிஷ் பக்கம் நின்றார். 1777 ஆகஸ்டில் அமெரிக்கப் படை வரும் தகவலை முன்கூட்டி அனுப்பியவர் அவரே. 1779-ல் வாஷிங்டன் அனுப்பிய படை அந்தக் கூட்டமைப்பின் 40 ஊர்களுக்குமேல் எரித்தது. மக்காச்சோளம், அவரை, பூசணி விளைந்த பெண்களின் வயல்களை அறுவடைக்கு முன் அழித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் செத்தவர்கள் குண்டில் சாகவில்லை.

பெண்கள் மீது வன்முறை நடந்ததா?

நடந்தது. 1776 கடைசியில் நியூஜெர்சியைப் பிடித்த பிரிட்டிஷ் தரப்புச் சிப்பாய்கள் செய்த பாலியல் கொடுமைகளை மறு ஆண்டு காங்கிரஸ் குழு ஒன்று வாக்குமூலமாகப் பதிவு செய்தது. சாட்சி சொன்னவர்களில் பதின்மூன்று வயதுச் சிறுமியும் உண்டு. வெளியே சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தை மீறிச் சொன்னவர்கள் அவர்கள்.

பெட்சி ராஸ்தானே அமெரிக்கக் கொடியைத் தைத்தார்?

அவர் கொடி தைப்பவர் என்பது உண்மை. முதல் கொடியைத் தைத்தார் என்ற கதையை அவர் பேரன் 1870-ல்தான் வெளியே சொன்னார். வினாடி வினாவில் கேட்டால் அவர் பெயரைச் சொல்லி மார்க் வாங்கிக்கொள்ளுங்கள்.

போர் முடிந்ததும் ஓட்டுரிமை கிடைத்ததா?

நியூஜெர்சியில் மட்டும். 1776-ல் எழுதிய சட்டத்தில் 50 பவுண்டு சொத்துள்ள குடியிருப்பாளர்கள் என்று இருந்தது. ஆண் என்று போடவில்லை. அதனால் கல்யாணமாகாத பெண்களும் விதவைகளும் ஓட்டுப் போட்டார்கள். 1807-ல் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இதையெல்லாம் விடுங்கள். நம் பக்கத்துப் பெண்களில் யாரை ஒப்பிடுவீர்கள்?

அதே காலத்தில், 1780-ல், வேலு நாச்சியார் ஹைதர் அலியின் உதவியோடு சிவகங்கையை மீட்டார். அங்கே அரசி படை நடத்தினார்; அமெரிக்காவில் அப்படி ஒரு பெண் இல்லை. அவர் படையில் இருந்த குயிலி தன்மேல் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்ந்த கதையைச் சிவகங்கைச் சீமையில் இன்றும் சொல்கிறார்கள்.

கடலூர் என்றால் அஞ்சலையம்மாள். முதுநகரில் 1890-ல் பிறந்தவர். 1857-ல் கொடுமை செய்த நீல் என்ற தளபதிக்குச் சென்னையில் வைத்திருந்த சிலையை எதிர்த்து 1927-ல் நடந்த சத்தியாகிரகத்தில், சின்னப் பெண்ணான மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சிறை சென்றார். பின்னொரு முறை சிறையில் இருந்தபோது கர்ப்பிணி. பிரசவத்துக்கு வெளியே விட்டார்கள். கைக்குழந்தையோடு மறுபடி உள்ளே போனார். அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயர் ஜெயில் வீரன். ஈடென்டன் கேலிச் சித்திரத்தை வரைந்தவர் மேசைக்கு அடியில் உட்கார வைத்தாரே ஒரு குழந்தை, அதை நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழந்தை நினைவுக்கு வரும்.

டீச்சர், ப்ராஜெக்டுக்கு எங்க ஆயா கதையை எழுதலாமா? அவங்க போருக்கெல்லாம் போகலையே?

எழுதலாம். சுனாமி, தானே, ஏதாவது ஒரு நாளைப் பிடித்துக்கொள். என்ன சமைத்தார்கள், யாருக்குக் கொண்டு போனார்கள், எதைத் தலையில் தூக்கினார்கள், அன்றைக்கு அரிசி என்ன விலை என்று கேள். நடுவில் கதை வேறெங்கோ போகும். நிறுத்தாதே, அதையும் எழுது. தேதி போடு. பெயரை ‘இன்னார் மனைவி’ என்று எழுதாமல் முழுப் பெயராக எழுது. கடைசியில் ஆயாவுக்கு வாசித்துக் காட்டி, கீழே கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு வா.